அம்மாவின் டேங்கில் தொங்கும் டப்பா

எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிற ஒரே ஆள் நான்தான். அதனால் மிக்ஸி ஓடவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். உண்மையில் சென்னை ஓ.எம்.ஆர் சாலையில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து, இன்சூரன்ஸ் கேட்டு வருகிற ஆஸ்பத்திரி பில்களைப் பார்த்து, கட்டம் கட்டமாக எண்களை நிரப்புவதுதான் என் வேலை. கம்ப்யூட்டர் நின்றுவிட்டால் நானும் கையைக் கட்டிக்கொண்டு, அதைச் சரிசெய்ய வருகிற ஆளுக்காகக் காத்திருப்பேன். இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதில் ஒரு கெத்து இருந்தது.

அம்மா செய்யூர் பக்கம் தனியாக இருக்கிறாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவள். அந்தச் சம்பாத்தியத்தில் அவளே கட்டிய தளம் போட்ட வீடு. கட்டும்போது, படிக்கட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். அந்தப் பிறகு வரவே இல்லை. மொட்டைமாடிக்குப் போக வேண்டுமென்றால் பின்பக்கச் சுவரில் சாய்த்து வைத்த இரும்பு ஏணிதான். தண்ணீர் டேங்க் மேலேதான் இருக்கிறது.

எங்கள் ஊரில் எல்லாரும் மோட்டாரைப் போட்டுவிட்டு, டேங்க் வழிந்து கொட்டுகிற சத்தம் கேட்டதும் ஓடிப்போய் நிறுத்துவார்கள். அம்மாவால் அது முடியாது. எங்கள் டேங்க் வழிந்தால் நேராகப் பக்கத்து வீட்டு முற்றத்தில் கொட்டும். அங்கே எப்போதும் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருக்கும். ஒருமுறை நனைந்து, அந்த வீட்டு அக்கா ஒரு பொங்கல் முழுக்க எங்களோடு பேசவில்லை. அதிலிருந்து அம்மா மோட்டாரைப் போட்டதும் ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, டேங்குக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அறுபதைத் தாண்டியும் அப்படித்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் இறங்கும்போது கால் வழுக்கிவிட்டது. எங்களுக்குச் சொல்லவில்லை. கூடுவாஞ்சேரியிலிருந்து அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எதேச்சையாகப் போனபோது, அம்மா நொண்டி நொண்டி வந்து கதவைத் திறந்திருக்கிறாள். கணுக்கால் வீங்கி, பார்க்கவே பயமாக இருந்ததாம். உடனே எனக்குப் போன். நானும் படூரிலிருந்து பஸ் பிடித்து ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அங்கே அண்ணன் தீர்ப்பே எழுதிவிட்டிருந்தான்.

"எம்மா, போதும். வூட்ட வாடகைக்கு வுட்டுட்டு என்கூட வந்துடு. நான் ஒண்ணும் உன்ன ரோட்ல கொண்டுபோயி வுடல."

"ரெண்டாவது மாடியில ஒக்காந்துகினு நான் இன்னாடா பண்ணுவேன்? போற ரயிலு வர்ற ரயிலு எண்ணிகினு கெடக்கவா? கீழ் வூட்ல யாரு கீறாங்கன்னு உனக்கே தெரியாது. இங்க ஒரு நாளு நான் கதவத் தொறக்கலன்னா தெருவே வந்து தட்டும்."

"தட்டும். நீ டேங்குக்குள்ள வுழுந்து கெடந்தா யாரு தட்டுவாங்க?"

அம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் என்னைக் கெடுத்தது. "ஏணி ஏறாமலே டேங்க் எவ்வளவு நிறைஞ்சிருக்குன்னு போன்ல பார்க்கலாம்ணா. ஒரு சின்ன டப்பா இருக்கு. வைஃபையில கனெக்ட் பண்ணிட்டா போதும். நான் பண்ணித் தர்றேன்" என்றேன். அலுவலகத்தில் யாரோ சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொண்டிருந்ததை அரைகுறையாகக் கேட்டதுதான் எனக்கு இருந்த மொத்த அறிவு.

அண்ணன் யோசித்தான். "சரி. பண்ணு. ஆனா ஒண்ணு. இனிமே அம்மா ஏணியில கால வெச்சது தெரிஞ்சிச்சி, அன்னிக்கே பொட்டியோட கூட்டினு போயிடுவேன். அப்போ யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

அம்மா என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். அவளுடைய வீடு என் கையில் இருந்தது. எனக்கோ டப்பா எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது.

ஆன்லைனில் வரவழைத்தேன். சோப்பு டப்பா அளவுக்கு வெள்ளையாக ஒன்று. அடிப்பக்கத்தில் உருண்டையாக இரண்டு கண்கள். அதை டேங்க் மூடியின் உட்பக்கம், கண்கள் தண்ணீரைப் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். அது கீழே சத்தம் அனுப்பும், நம் காதுக்குக் கேட்காத சத்தம். தண்ணீரில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கணக்குப் போடும். பிறகு வீட்டு வைஃபை வழியாக நம் போனுக்குச் சொல்லிவிடும். போனில் ஒரு டேங்க் படம் தெரியும், அதில் நீலம் ஏறும், இறங்கும். இவ்வளவுதான். இதைப் படித்துப் புரிந்துகொள்ளவே எனக்குப் பல பஸ் பயணங்கள் ஆயின.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏணியில் ஏறினேன். அண்ணன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டான். அம்மா முற்றத்தில் நாற்காலி போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து, பக்கத்து வீட்டு அக்காவுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். "எம் பொண்ணு கம்ப்யூட்டர்ல கீறா இல்ல, அவளே பண்றா." பாதி ஏணியிலேயே எனக்குக் கால் வெடவெடவென்று ஆடியது. "இன்னாடி, ஏணி ஆடுதா நீ ஆடறியா?" என்று அண்ணன் கேட்டான். ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மேலே போய் டப்பாவை ஒட்டி, ஒயரை இழுத்துக் கரண்ட் கொடுத்தேன். பக்கத்தில் இருந்த பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சிவப்பு விளக்கு சிமிட்டியது. போனில் வைஃபை பெயரைக் கொடுத்து, பாஸ்வேர்டை அடித்தேன். சிமிட்டிக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தேன். என் கல்யாணத் தேதியைத்தான் பாஸ்வேர்டாக வைத்திருந்தேன், அதையே தப்பாக அடித்திருக்கிறேன். மூன்றாவது முறை விளக்கு பச்சையானது. போனில் டேங்க் படம் வந்தது. அதில் பாதி நீலம். மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளேயும் பாதித் தண்ணீர்! என் சந்தோஷத்தை என்னவென்று சொல்வது, மொட்டைமாடியில் குதிக்காத குறைதான். அம்மாவின் போனிலும் அண்ணனின் போனிலும் அதே படத்தை வரவைத்துக் கொடுத்தேன். அண்ணன் மோட்டாரைப் போட்டான், மூன்று போனிலும் நீலம் ஏறியது. "பரவால்லியே" என்றான். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது அபூர்வம். நான் அன்றைக்கு அம்மா செய்த கருவாட்டுக் குழம்பை ஒரு விஞ்ஞானியின் தோரணையோடு சாப்பிட்டேன்.

பஸ் கல்பாக்கத்தைத் தாண்டியபோது அம்மாவின் போன்.

"ஏன்டி, போவும்போது டேங்கையும் கூடவே எடுத்துகினு பூட்டியா?"

"என்னம்மா சொல்ற?"

"படத்துல டேங்கே இல்லியே. வெறும் சாம்பலா கீது."

என் போனைப் பார்த்தேன். என்னிடமும் சாம்பல்தான். டப்பாவோடு தொடர்பு இல்லை என்று எழுதியிருந்தது. நெட் போயிருக்கும், தானாக வரும் என்று அளந்துவிட்டேன். வரவில்லை. மாமல்லபுரத்தில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாகக் கடல் காற்று வந்தது. காற்று பட்டதும் மூளை வேலை செய்தது. எனக்கு வியர்த்துவிட்டது.

அம்மா வீட்டில் நெட் அடிக்கடி படுத்துக்கொள்ளும். நான் அங்கே போகும்போதெல்லாம் என் போனிலிருந்து அவள் போனுக்கு நெட் கொடுப்பேன். ஒவ்வொரு முறையும் அதற்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டை அடிக்கச் சொன்னால் சண்டை வரும். அதனால் என் போனின் ஹாட்ஸ்பாட்டுக்கும் வீட்டு வைஃபைக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட் வைத்திருந்தேன். அதைப் பெரிய புத்திசாலித்தனம் என்று அலுவலகத்தில் வேறு பீற்றிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குக் காலையில் எல்லாரும் பின்பக்கம் கிளம்பியபோது, அம்மா தன் வழக்கப்படி, யாரும் பார்க்காத டிவிக்கு எதற்குக் கரண்ட் என்று எல்லா சுவிட்சையும் தட்டி அணைத்துவிட்டு வந்திருக்கிறாள். வைஃபை டப்பாவும் அந்தப் பலகையில்தான் இருக்கிறது. டேங்கில் தொங்கிய டப்பா பாவம், அந்தப் பெயரைத் தேடியிருக்கிறது. கிடைத்தது, நான் ஹாட்ஸ்பாட்டை அணைக்க மறந்த என் போன். அதைப் பிடித்துக்கொண்டது. நான் பஸ் ஏறியதும் அதன் நெட்டும் என்னோடு பஸ் ஏறிவிட்டது.

அடுத்த வாரம் மறுபடி போனேன். ஹாட்ஸ்பாட்டுக்கு வேறு பெயர் வைத்தேன். டிவி பக்கத்திலிருந்து மாடிக்குச் சரியாக எட்டாத வைஃபை டப்பாவைப் பின்பக்க ஜன்னல் மேலே பரணுக்கு மாற்றினேன். அதன் சுவிட்சின் மேல் டேப்பைச் சுற்றி ஒட்டி, "அம்மா, கரண்ட் பில் நான் கட்டறேன், இதைத் தொட்டே, நானே உன்ன கூடுவாஞ்சேரிக்கு அனுப்பிடுவேன்" என்றேன். மறுபடி ஏணி, மறுபடி கால் நடுக்கம், மறுபடி பச்சை விளக்கு. இந்த முறை பஸ் மாமல்லபுரம் வந்தும், படூரில் வீடு வந்து சேர்ந்தும் நீலம் இருந்தது.

அப்புறம் நான் இருந்த இருப்பு இருக்கிறதே! அலுவலகத்தில் பக்கத்து சீட்டில் இருப்பவர்களுக்கெல்லாம் எங்கள் அம்மா டேங்கைக் காட்டினேன். "பாருங்க, இப்ப மோட்டார் போட்டிருக்காங்க." அவர்களும் மரியாதைக்குப் பார்த்தார்கள். அம்மாவும் பழகிவிட்டாள். போனை எடுத்துப் பார்ப்பாள், நீலம் குறைந்திருந்தால் மோட்டாரைப் போடுவாள், நிறைந்ததும் நிறுத்துவாள். ஏணியில் காக்கா எச்சம் காய்ந்து கிடந்தது. அண்ணன் ஒவ்வொரு வாரமும் போன் பண்ணி, "ஏறல இல்ல?" என்று கேட்பான். "ஏறலடா" என்பாள் அம்மா.

ஆயுத பூஜை கழிந்தது. அதற்குப் பிறகு என் போனில் டேங்க் எப்போதும் நிரம்பியே இருந்தது. காலையில் பார்த்தாலும் முழு நீலம், சாயந்திரம் பார்த்தாலும் முழு நீலம். அம்மா எவ்வளவு சிக்கனமாகத் தண்ணீர் செலவு செய்கிறாள் என்று பெருமையாக இருந்தது. அப்போது அவளே கூப்பிட்டாள்.

"கொழாய்ல தண்ணி வரலடி."

"டேங்க் ஃபுல்லா இருக்கும்மா."

"அதான் நானும் மோட்டாரு போடல. ஆனா கொழாய்ல வரலியே."

"அப்ப குழாய்ல அடைப்பு. பிளம்பரைக் கூப்பிடு."

பிளம்பர் வந்தார். மேலே ஏறிப் பார்க்கிறேன் என்றார். போனிலேயே அவரை அதட்டி, "மேல ஏற வேணாம்ணா, டேங்க் ஃபுல், நான் இங்கேருந்தே பார்த்துட்டு இருக்கேன்" என்றேன். அவர் குளியலறைச் சுவரை உடைத்துக் குழாயைப் பிரித்தார். அடைப்பு இல்லை. சமையலறைக் குழாயையும் பிரித்தார். அங்கேயும் இல்லை. நான் விடாமல், டேங்க் ஃபுல், டேங்க் ஃபுல் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அம்மா போனை வாங்கினாள். "உன் போன்ல கீற தண்ணியில நான் எப்பிடிடி குளிக்கறது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணனும் ஒன்றாகப் போனோம். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன், அவன் ஏறினான். அண்ணன் லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறவன், ஆள் கனம். ஏணி ஒவ்வொரு படிக்கும் முனகியது. மேலே போய் டேங்க் மூடியைத் திறந்தான். மூடியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, விளிம்பில் நின்று, எங்களுக்குத் திருப்பிக் காட்டினான்.

டப்பாவின் இரண்டு கண்களிலும் தடித்தடியாகச் சந்தனம். அதன் நடுவில் அழகாகக் குங்குமம். முகத்திலேயே சந்தனத்தை அப்பியதால், தண்ணீர் மூக்கு வரைக்கும் வந்துவிட்டது என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. டேங்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"எம்மா! யாரு வெச்சது?"

அம்மா கொஞ்சமும் மறைக்கவில்லை. "நான்தான். ஆயுத பூஜைக்கு அருவாமணைக்கு வெச்சேன், மோட்டாருக்கு வெச்சேன், டிவிக்கு வெச்சேன். அது மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சி? எனக்காவ பகலு ராத்திரின்னு இருட்டுல தொங்கிகினு கெடக்குது. எங்க வெக்கறதுன்னு பாத்தேன், ரெண்டு வட்டம் இருந்துச்சி. வண்டி லைட்டுக்கு வெக்கற மாரி வெச்சிட்டு வந்தேன்."

"ஏணி ஏறி?"

"பறந்தா போவாங்க?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஏணி ஏறக்கூடாது என்று நான் கட்டிய டப்பாவுக்குப் பொட்டு வைக்கவே ஏணி ஏறியிருக்கிறாள். என் தலையில் அடித்த சத்தியம் என்ன ஆயிற்றோ, என் தலை இன்னும் கழுத்தின் மேல்தான் இருந்தது. மேலேயிருந்து அண்ணன் கத்தினான். "பேச்சு முடிஞ்சிடுச்சி. பொட்டியக் கட்டு. இன்னிக்கே கெளம்பற."

அம்மாவின் முகம் சட்டென்று வாடிவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவள் வீட்டைக் காப்பாற்றித் தருகிறேன் என்று வாய் கிழியப் பேசி, கடைசியில் அதைப் பிடுங்கிக் கொடுத்தது நான்தான்.

அண்ணன் இறங்க வந்தான். விளிம்பில் திரும்பி, ஒரு காலைக் கீழே விட்டு ஏணியைத் துழாவினான். கிடைக்கவில்லை. காலை மேலே இழுத்துக்கொண்டான். மறுபடி விட்டான், மறுபடி இழுத்துக்கொண்டான். ஏறியவனுக்கு இறங்க வரவில்லை. கொஞ்ச நேரம் தூரத்துச் சவுக்குத் தோப்பை வேடிக்கை பார்ப்பதுபோல் நின்றான்.

"இன்னாண்ணா, பேசிட்டே இருந்தே, இறங்கு" என்றேன்.

"இருடி. தலய சுத்துது."

அம்மா வந்து என்னை ஒதுக்கிவிட்டு ஏணியைப் பிடித்தாள். "கீழ பாக்காத. சுவரப் பாரு. எடது காலு... இன்னும் கொஞ்சம்... ஆங், வெச்சாச்சி. நான் புடிச்சிகினு கீறேன், எறங்கு." வீங்கி வற்றிய காலோடு அவள் பிடித்துக்கொண்டிருக்க, அண்ணன் அங்குலம் அங்குலமாக இறங்கினான். தரைக்கு வந்ததும் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அம்மா பக்கத்து வீட்டில் வாங்கி வைத்திருந்த குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். அவன் குடிக்கும்வரை காத்திருந்தாள்.

"இவ டப்பா வாங்கினு வர்றா. நீ வூட்டயே மாத்தச் சொல்ற. ரெண்டு பேரும் பெரிய படிப்பு படிச்சீங்க, பெத்தவளுக்கு ஒரு படிக்கட்டு கட்டிக் குடுக்கலாம்னு யாருக்காவது தோணிச்சாடா?"

எங்களுக்குத் தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவே இல்லை. வைஃபை, ஹாட்ஸ்பாட், நீலம், சாம்பல் என்று இத்தனை வாரம் சுற்றியிருக்கிறேன், சுவரில் சாய்ந்திருந்த ஏணியைப் பிடித்துக்கொண்டே சுற்றியிருக்கிறேன். அண்ணன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, வெறும் சுவரைப் பார்த்தான். "இந்தப் பக்கம் எடுக்கலாமா, அந்தப் பக்கம் எடுக்கலாமா?" என்று கேட்டான். அவன் கேட்டது என்னையல்ல, அம்மாவை.

படிக்கட்டு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவே வந்து, கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் வைக்க வேண்டும் என்று மேஸ்திரியோடு சண்டை போட்டாள். இப்போது அம்மா நினைத்தபோது மேலே போகிறாள், வடகம் காயவைக்கிறாள், டேங்குக்குள் தாராளமாகத் தலையை விட்டுப் பார்க்கிறாள். டப்பாவுக்கு வேலையே இல்லை. கழற்றிவிடலாமா என்று கேட்டேன். "கெடக்கட்டும், பாவம்" என்றாள். டப்பாவின் கண்ணைத் துடைத்துவிட்டு, பொட்டை மட்டும் அதன் நெற்றியில் வைக்கும்படி சொல்லிக் கொடுத்தேன். அந்த ஆப்பை போனிலிருந்து தூக்கிவிட்டதாக அண்ணன் சொன்னான்.

நான் தூக்கவில்லை. காலையில் கேளம்பாக்கம் சிக்னலில் பஸ் நிற்கும்போது போனைத் திறப்பேன். நீலம் கொஞ்சம் இறங்கியிருந்தால் அம்மா எழுந்து முகம் கழுவிவிட்டாள். இன்னும் இறங்கினால் குளித்துவிட்டாள். போட்ட போனை எடுக்கக்கூட அவளுக்கு நேரமிருக்காது, ஆனால் டேங்க் சொல்லிவிடும். இதை யாரிடமும் சொன்னதில்லை. இதில் கெத்து ஒன்றும் இல்லை, வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

போன மழையில் ஒருநாள், அலுவலகத்துக்குள் நுழையும்போது அண்ணனின் போன். அந்த நேரத்தில் அவன் கூப்பிடவே மாட்டான்.

"ஏய், அம்மா டேங்க் பாத்தியா? இன்னும் அப்பிடியே கீது."

"நீ ஆப்பைத் தூக்கிட்டேன்னியே?"

"அத வுடுடி. தண்ணி கொறயவே இல்ல. எனக்கு ஒரு மாரியா கீது."

நானும் பார்த்தேன். நீலம் ராத்திரி விட்ட இடத்திலேயே நின்றது. அம்மாவுக்குப் போட்டேன், பிஸி. அவனும் போட்டுக்கொண்டிருந்தான். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. வாசலிலேயே நின்று போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் எடுத்தாள்.

"ஏன்டி, இன்னாடி ஆச்சி ரெண்டு பேருக்கும்? அவன் பக்கத்து வூட்டுக்குப் போன் போட்டு, அவ வந்து கதவ இடிக்கறா. நீ வேற. சளி புடிச்சிக்கிச்சி, போத்திகினு படுத்தேன். அவ கஞ்சி குடுத்தா, குடிச்சேன். ஒரு நாளு குளிக்கலன்னா கூடுவாஞ்சேரியிலேர்ந்து ஒருத்தன், படூர்லேர்ந்து ஒருத்தி! தெருவுல மானம் போவுது. இதுக்குத்தான் டப்பா வெச்சீங்களா? இருங்க, இப்பதான் படிக்கட்டு கீதே, நாளைக்குப் போயி அது ரெண்டு கண்ணுலயும் சந்தனத்த அப்பிட்டு வர்றேன்."

மறுநாள் காலை பஸ்ஸில் போனைத் திறந்தேன். முழு நீலம். தண்ணீரா சந்தனமா என்று தெரியவில்லை. கேளம்பாக்கம் தாண்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். மெல்ல ஒரு கோடு இறங்கியது, பிறகு இன்னொரு கோடு.

போன் அடித்தது. அண்ணன்.

"அம்மா குளிக்குது" என்றான்.